டீச்சரிடம் கேளுங்கள்: அந்தப் பாப்பா என்ன தப்பு பண்ணுச்சு?

போன இதழில் தில்லை (சிதம்பரம்) நடராசர் கோயிலுக்குள் இருக்கும் கோவிந்தராசப் பெருமாள் சன்னதி பற்றி ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பிவிட்டன: கடவுள் பெயரைச் சொல்லி நடக்கும் வன்முறை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்த முறை இதை மட்டும் பேசுவோம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், 'உலகத்தில் நடந்த கொலைகளுக்கெல்லாம் மதம்தான் காரணம்' என்கிறான். என் கணவரோ, 'எந்த மதமும் கொல்லச் சொல்லவில்லை, கொல்கிறவன் உண்மையான பக்தனே இல்லை' என்கிறார். ராத்திரிச் சாப்பாடு முழுக்க இதே சண்டை. நான் யார் பக்கம் சேர்வது? (வாசகி, நன்னிலம்)

பதில்: யார் பக்கமும் சேர வேண்டாம். இரண்டு பேருமே பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

முதலில் தம்பிக்கு. 1968 டிசம்பர் 25 இரவு, நம் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதும் சங்கத்தில் சேர்ந்ததும்தான் அந்தத் தெரு செய்தது. தீ வைத்தவர்களுக்கு எந்த வேத வாக்கியமும் தேவைப்படவில்லை. (சாதிக்குச் சாஸ்திரம் எவ்வளவு முட்டுக்கொடுத்தது என்பது வேறு கேள்வி. கீழே நந்தனார் பற்றிய பதிலில் அதைத் தொடுகிறேன்.) கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் மதத்தையே ஒழித்துக்கட்டப் பார்த்த அரசு. பிக்குகளைக் கொன்றது, விகாரைகளை இடித்தது, சொந்த மக்களை லட்சக்கணக்கில் சாகடித்தது. மதத்தை எடுத்துவிட்டால் கொலை நின்றுவிடும் என்ற வாதத்துக்குச் சரித்திரம் துணை வராது.

இப்போது சாருக்கு. 1995 நவம்பர் 4 அன்று இஸ்ரேல் பிரதமர் யிட்சாக் ராபினைச் சுட்டுக்கொன்ற யிகால் அமீர் சட்டம் படித்த மாணவன், யூத மத நெறிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தவன். பாலஸ்தீனர்களோடு சமாதானம் பேசி நிலத்தை விட்டுக்கொடுக்கும் தலைவரால் யூத உயிர்களுக்கு ஆபத்து, அப்படிப்பட்டவரைக் கொல்ல மதச் சட்டமே இடம் தருகிறது என்பது அவனுடைய வாதம். 1959ல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டவர் காவி உடுத்திய பிக்கு. இவர்களுக்குப் பக்தி போதவில்லை என்று நாம் எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது? 'அவன் எங்கள் ஆளே இல்லை' என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. ஆனால் அவன் காதில் இத்தனை வருடம் நாம் என்ன ஓதினோம் என்று திரும்பிப் பார்க்கும் வேலையும் அதோடு போய்விடுகிறது.

கோபமும் பேராசையும் எல்லா மனிதரிடமும் உண்டு. ஆனால் கோபத்தில் கை ஓங்குகிறவனுக்கு ஒரு தயக்கம் இருக்கும். சட்டம் இருக்கிறது, அம்மா முகம் இருக்கிறது, நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்பது இருக்கிறது. மத நம்பிக்கை அந்தத் தயக்கத்தைப் பலப்படுத்தவும் செய்யும், மொத்தமாக எடுத்துவிடவும் செய்யும். எடுத்துவிட்டால் அவன் செய்வது அவன் செயலாக அவனுக்கே தோன்றாது. மேலே இருந்து உத்தரவு வந்துவிட்டது, தான் வெறும் கை என்று நினைத்துக்கொள்வான். ஆகவே உங்கள் வீட்டில் 'மதம் கொல்லுமா கொல்லாதா' என்று கேட்பதைவிட, ஒவ்வொரு சம்பவத்திலும் 'இவனுடைய தயக்கத்தை எடுத்தது யார், என்ன சொல்லி எடுத்தார்கள்' என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவும் பிள்ளையும் ஒரே பக்கம் வந்து உட்காரக்கூடும்.

கேள்வி: பேத்திக்குத் தினமும் ஒரு நாயன்மார் கதை சொல்வேன். கோட்புலி நாயனார் கதையில் குழந்தையை வெட்டும் இடம் வந்ததும், 'அந்தப் பாப்பா என்ன தப்பு பண்ணுச்சு பாட்டி?' என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் சிவபக்தை. அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? (வாசகி, சீர்காழி)

பதில்: அம்மா, அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டை முதலில் சொல்லுங்கள். பெரியவர்கள் பல நூறு வருடமாகக் கேட்கக் கூசிய கேள்வி அது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் திருவாரூர்ப் பக்கம் நாட்டியத்தான்குடியில் சோழர் படைத்தலைவர் கோட்புலியார். போருக்குப் போகுமுன் இறைவனுக்குத் திருவமுது படைக்க நெல்லைக் கூடு கூடாகக் கட்டிவைத்துவிட்டு, இதைத் தொடக் கூடாது என்று சொந்தக்காரர்களிடம் ஆணையிட்டுப் போகிறார். பஞ்சம் வருகிறது. உயிர் போகும் நிலையில் உறவினர்கள் அந்த நெல்லை எடுத்துத் தின்கிறார்கள். பிறகு திருப்பி வைத்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். போரில் வென்று திரும்பியவர் விஷயம் அறிந்து, துணியும் பொன்னும் தருவதாக எல்லோரையும் வீட்டுக்கு வரவழைத்து, வாசலில் காவல் வைத்து, தாய் தகப்பனிலிருந்து தொடங்கி எல்லோரையும் வெட்டுகிறார். கடைசியில் ஒரு கைக்குழந்தை. காவலாள் குறுக்கே வந்து, 'இது அந்தச் சோற்றை உண்ணவில்லை, இந்தக் குடிக்கு இது ஒன்றுதான் மிச்சம், விட்டுவிடுங்கள்' என்கிறான். 'அந்தச் சோற்றைத் தின்றவளின் பாலைக் குடித்ததல்லவா' என்று சொல்லி அதையும் வெட்டுகிறார். இறைவன் காட்சி கொடுத்து, உன் வாளால் பாசம் நீங்கிய இவர்கள் மேலுலகம் சேர்வார்கள் என்று சொல்லி, அவரையும் தம்மோடு அழைத்துக்கொள்கிறார்.

நானும் திருமுறை ஓதும் வீட்டில் வளர்ந்தவள். பெரியபுராணத்தை இன்றும் படிக்கிறேன், படித்து அழுகிறேன். ஆனால் இந்தக் கதையைப் 'பக்தியின் உச்சம்' என்று குழந்தைக்குச் சொல்லிக் கடந்துபோக என்னால் முடியாது, உங்களாலும் முடியக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பால் வாதத்தைக் கொஞ்சம் பாருங்கள். நெல் இறைவனுடையது. அதைத் தின்றவர் குற்றவாளி. தின்றவளின் உடம்பில் ஊறிய பாலும் குற்றம். பாலைக் குடித்த சிசுவும் குற்றம். ஒவ்வொரு படியும் முந்தின படியிலிருந்து நேராக இறங்குகிறது, எங்கேயும் தர்க்கம் தவறவில்லை. இப்படி ஒரு நம்பிக்கை ஓட ஆரம்பித்தால் அது தானாக நிற்கும் இடம் என்று ஒன்று கிடையாது. வெளியிலிருந்து ஒருவர் கை நீட்டித் தடுக்க வேண்டும். 1947ல் எல்லை தாண்டிய ரயில்களில் குழந்தைகளையும் வெட்டினார்களே, அங்கேயும் இதே படிகள்தான் இறங்கியிருக்கும்: அவனுடைய மதம், அவனுடைய வீடு, அவனுடைய வித்து.

பசி என்ன ஆயிற்று என்பதும் எனக்கு உறுத்தல். நெல்லைக் குதிரில் கொட்டிவைத்து வாழ்ந்த ஊர்க்காரர்கள் நாம். பூட்டிய நெல்லுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பட்டினி கிடந்தால் எந்தத் தாய் திறக்காமல் இருப்பாள்? திருவமுதைச் சிவனுக்குப் படைத்த பிறகும் அதை மனிதர்தானே உண்கிறார்கள்! பஞ்சத்தில் பசித்தவர் வாயில் போன நெல்லை இறைவன் தமக்கு வந்த நைவேத்தியமாக எடுத்துக்கொண்டிருப்பார் என்றுதான் என் பக்தி சொல்கிறது.

இன்னொரு செய்தியும் உங்களுக்கு உதவலாம். கோட்புலியார் வீட்டுக்குச் சுந்தரர் வந்திருக்கிறார். அவருடைய மகள்கள் சிங்கடி, வனப்பகை இருவரையும் தம் மகள்களாகவே ஏற்று, பாட்டில் 'சிங்கடி தந்தை' என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார். நாட்டியத்தான்குடிப் பதிகத்தில் அவர் பாடும் கோட்புலி பகை மன்னரை வென்ற வீரர். வாளும் குழந்தையும் வரும் இந்தக் கதை நமக்கு விரிவாகக் கிடைப்பது 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழாரிடம். இறைவனுக்காக எந்தப் பாசத்தையும் அறுக்கும் வன்மையான தொண்டை, கேட்பவர் நடுங்கும்படி சொல்ல நினைத்த கவி அவர். அவர் காலத்து அரசவையும் போர்களும் அந்தப் பாட்டுக்குள் இருக்கின்றன.

ஆகவே கதையை விட்டுவிட வேண்டாம். காவலாளைப் பெரிதாக்கிச் சொல்லுங்கள். அத்தனை பேர் செத்துக் கிடக்கும் வீட்டில், வாள் பிடித்த எஜமானனுக்கு எதிரே நின்று ஒருவன் கேட்டான். சேக்கிழார் அந்தக் குரலை அழிக்காமல் பாட்டுக்குள் வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 'பாப்பா ஒரு தப்பும் பண்ணவில்லை. அங்கே இருந்த காவல்காரரும் அதையேதான் சொன்னார்' என்று பேத்தியிடம் சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்டால், புராணத்தில் கடைசிப் பாட்டில் இறைவன் வந்து எல்லோரையும் கூட்டிப்போகிறார், நம் ஊரில் அப்படி யாரும் திரும்பி வந்ததில்லை, அதனால் கத்தியை எடுக்கும் உரிமை எந்தப் பக்தருக்கும் இல்லை என்று சொல்லுங்கள். ஏழு வயசுப் பிள்ளைக்கும் அது புரியும்.

கேள்வி: திருஞானசம்பந்தர் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் திட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் அதைப் பெருமையாகப் போடுகிறார்கள். நடந்ததா, நடக்கவில்லையா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. அவருடைய பாடல்களில் சமணரையும் பௌத்தரையும் கடுமையாகச் சாடுகிறார், அது உண்மை. ஆனால் எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றியதற்கு அந்தக் காலத்துக் கல்வெட்டு எதுவும் இல்லை. மதுரையைச் சுற்றியுள்ள ஆனைமலை, கீழக்குயில்குடி மலைகளில் அதற்குப் பிந்தைய 9, 10ஆம் நூற்றாண்டுகளிலும் சமணர்கள் சிற்பம் செதுக்கிக் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். பூண்டோடு அழிக்கப்பட்டவர்கள் அப்படிச் செய்திருக்க முடியாது. உங்கள் மன்னார்குடியிலேயே மல்லிநாதர் கோயில் இருக்கிறது, குடவாசல் பக்கம் தீபங்குடியிலும் சமணக் கோயில் உண்டு. எண்ணிக்கையோடு சொல்லப்படும் அந்தச் சம்பவம் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதோடு விஷயம் முடிந்துவிடாது. நடக்காத ஒன்றை ஏன் இவ்வளவு காலம் கொண்டாடினோம்? மதுரைக் கோயில் சுவரில் ஏன் தீட்டினோம்? பெரியபுராணத்தில் அந்த இடத்தில் சேக்கிழார் எவ்வளவு கவனமாக எழுதுகிறார் என்று பாருங்கள். சம்பந்தருக்குப் பகை இல்லை, ஆனாலும் அடியார்கள் தங்கிய மடத்துக்குச் சமணர்கள் தீ வைத்தார்கள் என்பதால் அரசன் செய்கையை அவர் விலக்காமல் இருந்தார் என்கிறார். அதாவது, கொலைக்கு ஒரு சமாதானம் சொல்லியாக வேண்டும் என்று கவிக்கே தோன்றியிருக்கிறது. அதற்கு முன்பே அப்பர் கதையில், சமணர் சொல்கேட்ட பல்லவன் அவரை நீற்றறையில் போட்டதும், நஞ்சு கொடுத்ததும், கல்லில் கட்டிக் கடலில் தள்ளியதும் வந்துவிடுகின்றன. 'அவர்கள்தான் முதலில் செய்தார்கள்' என்ற அடித்தளம் போட்ட பிறகே கழு மரம் நடப்படுகிறது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வரும் எந்த வெறுப்புச் செய்தியையும் எடுத்துப் பாருங்கள், முதல் பத்தியில் அந்த அடித்தளம் இருக்கும்.

திட்டுகிறவர், பெருமைப்படுகிறவர் இருவரையும் ஒருமுறை தீபங்குடிக்குப் போய்வரச் சொல்லுங்கள். மதுரை, கழு, எண்ணாயிரம் என்று பேசுகிறவர்களில் பலருக்கு நம் பக்கத்து ஊரில் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள் என்பதே தெரியாது.

கேள்வி: இந்துக்களுக்குள் மதச் சண்டை இருந்ததே இல்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது என்கிறார் என் நண்பர். சரியா? (வாசகர், சிதம்பரம்)

பதில்: உங்கள் ஊர்க் கோயிலே அதற்குப் பதில். தில்லைப் பெருமாளைக் கடலில் போட்டதை இரண்டாம் குலோத்துங்கனின் புகழாகவே ஒட்டக்கூத்தர் பாடிவைத்திருக்கிறார். சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று எழுதித்தர மறுத்த, இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் கண்ணை இழந்ததாக வைணவர்கள் இன்றும் கண்ணீரோடு சொல்கிறார்கள். பிறகு விஜயநகர அச்சுதராயர் 1539ல் கோவிந்தராசரை மீண்டும் எழுந்தருளச் செய்தார். 1597ல் செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர் அந்தச் சன்னதியை விரிவாக்கியபோது, அதை எதிர்த்த அர்ச்சகர்கள் கோபுரத்தில் ஏறிக் குதித்து உயிர்விட்டார்கள். ஏறக்குறைய 20 பேர் இறந்தார்கள், நாயக்கர் சுடச் சொன்னதில் மேலும் இருவர் செத்தார்கள் என்று அப்போது அங்கே வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா எழுதியிருக்கிறார்.

குதித்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அவர்கள் யாரையும் வெட்டவில்லை, தங்கள் உடம்பையே கொடுத்தார்கள். ஆனாலும், பக்கத்தில் இன்னொரு தெய்வத்துக்குக் கல் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருப்பது பாவம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். இன்று ஒரே இடத்தில் நின்று நடராசரையும் கோவிந்தராசரையும் கும்பிட்டுவிட்டு வருகிறோம். சாகும் அளவுக்குப் பெரிதாக இருந்தது, பிற்காலத்து மக்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

கேள்வி: மற்ற மதங்கள் சரி. புத்த மதம் அகிம்சை மதமாயிற்றே, அங்கேகூடவா? (வாசகர், வேதாரண்யம்)

பதில்: உங்கள் ஊர்க் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தீவிலேயே அந்தக் கதை இருக்கிறது, அதில் நம் ஆள் ஒருவரும் வருகிறார். மகாவம்சம் சொல்லும் எல்லாளன் சோழ நாட்டிலிருந்து போய் அனுராதபுரத்தை 44 வருடம் ஆண்டவன். நீதி மணி கட்டியவன், கன்றின் மீது தேரை ஏற்றிய மகனுக்கு மரண தண்டனை கொடுத்தவன் என்று அந்தப் பௌத்த நூலே புகழ்கிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் என்று நாம் சொல்லும் அதே கதை, அங்கே எல்லாளன் பெயரில்! அவனைப் போரில் கொன்ற துட்டகைமுனு, எதிரியின் சமாதிக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று கட்டளையும் போட்டான்.

ஆனால் துட்டகைமுனுவுக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை ஆயிரம் உயிர் போயிற்றே, எனக்கு எப்படி ஆறுதல் என்று வருந்துகிறான். அவனைத் தேற்ற எட்டு அரகந்தர்கள் (ஞானம் பெற்ற பிக்குகள்) வருகிறார்கள். வந்து சொல்வது இது: நீ கொன்றது ஒன்றரை மனிதர்தான். புத்தம் சரணம் என்று மட்டும் சொன்னவன் அரை மனிதன், ஐந்து சீலங்களையும் ஏற்றவன் முழு மனிதன். மற்றவர்கள் தவறான கொள்கைக்காரர்கள், மிருகங்களைப் போல எண்ணத் தக்கவர்கள்.

அந்த அரசனின் தூக்கமின்மைதான் அந்த அத்தியாயத்தில் இருந்த ஒரே நல்ல விஷயம். மனசாட்சி உறுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்தது மதம். செத்தவர்களைக் கணக்கிலிருந்து கழித்து எடுத்தது. புத்தர் போதித்ததில் இதற்கு இடமே இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கை எழுதியவர் ஒரு துறவி, அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் துறவிகள். இப்படிக் கணக்குப் போட்டவர்கள் அங்கே மட்டும் இல்லை. 1209ல் பிரான்சில், திருச்சபைக்கு மாறான கொள்கைக்காரர்களை ஒழிக்கப் பெசியே நகரத்தைச் சிலுவைப் படை சூழ்ந்தபோது, நகரத்துக்குள் கத்தோலிக்கர்களும் இருக்கிறார்களே என்று கேட்டதற்கு, 'எல்லோரையும் கொல்லுங்கள், தம்முடையவர்கள் யாரென்று ஆண்டவருக்குத் தெரியும்' என்று போப்பின் தூதர் சொன்னதாகப் பின்னால் ஒரு துறவி எழுதிவைத்தார். அவர் அப்படியே சொன்னாரோ இல்லையோ, நகரம் வெட்டிச் சாய்க்கப்பட்டது உண்மை.

இதைப் படித்துவிட்டு யாரும் இலங்கையில் இருக்கும் சாதாரணச் சிங்களக் குடும்பத்தின் மீது கோபப்பட வேண்டாம். நாகப்பட்டினத்தில் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரத்துக்குச் சோழர்கள் ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தார்கள். அந்த விகாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867ல் ஏசு சபையார் இடித்தார்கள். அதற்காக இன்றைக்கு வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவரை நாம் பிடித்துக் கேட்போமா?

கேள்வி: கீதையே 'கொல்' என்றுதானே சொல்கிறது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அதே கீதையைத் தினமும் படித்தவர் காந்தி. அவரைச் சுட்டவனும் கிருஷ்ணனையும் அர்ச்சுனனையும் காட்டித்தான் நீதிமன்றத்தில் தன் செயலை நியாயப்படுத்தினான். காந்தி குருட்சேத்திரத்தை மனிதனுக்குள் நடக்கும் போராகப் படித்தார், கோட்சே பிர்லா மாளிகைத் தோட்டமாகப் படித்தான். எல்லா மத நூல்களிலும் வாளைப் பற்றிய வரி உண்டு, கருணையைப் பற்றிய வரியும் உண்டு. எதை எடுக்கிறோம் என்பதற்கு நூலைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது, எடுத்தவர்தான் பொறுப்பு.

கேள்வி: நந்தனார் தீயில் இறங்கியதும் நீங்கள் சொல்லும் வன்முறையில் சேருமா? (வாசகி, வைத்தீஸ்வரன்கோயில்)

பதில்: சேரும். புராணப்படி இறைவன் நந்தனார் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறார், தில்லை அந்தணர் கனவில் வந்து தீ வளர்க்கச் சொல்கிறார். 'அவனை அப்படியே உள்ளே விடுங்கள்' என்று ஒரு கனவிலாவது அவர் சொன்னதாக எழுத யாருக்கும் மனம் வரவில்லை. பிறப்பில் அழுக்கு இருக்கிறது, அதை நெருப்புத்தான் எடுக்கும் என்ற நம்பிக்கை முதலில் வந்துவிட்டது, இறைவன் அதற்கு ஏற்றபடி பேச வேண்டியதாயிற்று. தீ வளர்த்தவர்கள் அழுதுகொண்டே வளர்த்திருக்கலாம். அதனால் சூடு குறையாது. 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் தலித் தோழர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனாரே, யாரும் தீ மூட்டவில்லை, அம்மன் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

கேள்வி: டிப்ளமோ முடித்துவிட்டு சிங்கப்பூர் போக ஏஜென்டிடம் பணம் கட்டியிருக்கிறேன். எங்கள் ஊர் விநாயகர் ஊர்வலம் பள்ளிவாசல் தெரு வழியாகப் போகும். இந்த வருடம் 'சும்மா வராதே, கையில் ஏதாவது எடுத்துக்கிட்டு வா' என்று குரூப்பில் போடுகிறார்கள். வரவில்லை என்றால் 'நீ எல்லாம் ஒரு இந்துவா' என்கிறார்கள். கூடப் படித்த பசங்கள்தான். என்ன செய்ய? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். கேட்கத் தோன்றியதே நல்ல விஷயம். நேராகச் சொல்கிறேன்: கையில் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சட்டம் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. மதத்தின் பெயரால் பகையைத் தூண்டுவது 196ஆம் பிரிவு. ஒரு மதத்தாரின் உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே செய்வது 299ஆம் பிரிவு. குரூப்பில் வந்ததை நீங்கள் தட்டிவிட்டாலும் சிக்கல்தான். நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க முடியும், வெளிநாடு போக நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். உங்கள் அம்மா எந்த நகையை வைத்து ஏஜென்டுக்குப் பணம் புரட்டினாரோ எனக்குத் தெரியாது. குரூப்பில் ஆணையிடுகிறவர் அதை மீட்டுத் தரமாட்டார். நான் வகுப்பெடுத்த வருடங்களில், ஊர்க் கலவரங்களுக்குப் பிறகு கோர்ட்டு வாசலில் நின்றவர்கள் எல்லாம் கூலிக்குப் போகும் வீட்டுப் பையன்கள். மேடையில் பேசியவரை அங்கே நான் பார்த்ததில்லை.

'அவர்கள்தான் ஆரம்பித்தார்கள்' என்று சொல்லுவார்கள். கோயம்புத்தூரை நினைத்துப் பாருங்கள். 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அதையடுத்து நடந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். அதற்குப் பழி என்று 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 பேர் போனார்கள். ஒவ்வொரு முறையும் கை ஓங்கியவர்கள் தாங்கள் பதில்தான் கொடுக்கிறோம் என்று நம்பினார்கள். செத்த காவலருக்கும், தெருவில் வெட்டுப்பட்டவர்களுக்கும், குண்டில் சிதறியவர்களுக்கும் முந்தைய கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இதே கடிதம் பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒரு தம்பி எழுதி வந்திருந்தாலும் ஒரு வார்த்தை மாற்றாமல் இதையேதான் சொல்லியிருப்பேன்.

'நீ இந்துவா' என்பதற்கு என்ன சொல்வது? ஆமாம் என்று சொல்லுங்கள். பிள்ளையாரைத் தூக்குங்கள், தோப்புக்கரணம் போடுங்கள், கொழுக்கட்டை கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் பக்திக்குக் கம்பு சாட்சி சொல்ல வேண்டியதில்லை. நாகூர்க் கந்தூரிக்குச் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வரும்போது வழியெல்லாம் நம் ஆட்கள் நிற்கிறார்கள். அந்தத் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிங். அவரை யாரும் இந்துவா என்று கேட்கவில்லை.

இனி காரியம். ஊர்வலத்துக்குப் போலீஸ் கொடுத்த அனுமதியில் பாதை, நேரம், நிபந்தனைகள் எல்லாம் எழுதியிருக்கும். விழாக் குழுவில் உங்களுக்கு நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குரூப்பில் வந்த செய்தியை அவருக்குக் காட்டுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள். பள்ளிவாசல் ஜமாத்தில் அவருக்குத் தெரிந்தவர் நிச்சயம் இருப்பார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அந்தத் தெரு முனையில் ஊர்வலம் கடக்கும் வரை சேர்ந்து நின்றால் அதுவே பெரிய காவல். நிஜமாகவே கட்டை, கத்தி சேர்க்கிறார்கள் என்று தெரிந்தால் 112க்குப் போன் செய்யுங்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்று சொல்லியே தகவல் கொடுக்கலாம். அது நண்பர்களைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதீர்கள், அவர்களுடைய பாஸ்போர்ட்டையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறீர்கள்.

குரூப்பை விட்டு வெளியேறத் தயக்கமாக இருந்தால் சத்தத்தை அணைத்துவைத்துவிட்டு, அந்தப் பசங்களில் மிகவும் நெருக்கமான ஒருவனை மட்டும் டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பேசுங்கள். அவனும் உங்களைப் போலவே பயந்துகொண்டு இருக்கலாம். ஊர்வலம் முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பெயர் போடாமல்.